ரேட் 1,000 பவுண்டு, கையில் 572: அம்ப்ரெல்லா நிறுவனக் கணக்கு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மைத்துனன் வாட்ஸ்அப்பில் ஒரு சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான். கீழே ஒரே வரி: "அத்தான், என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்."

லண்டனில் மென்பொருள் சோதனையாளராக முதல் ஒப்பந்த வேலை. நாளுக்கு 200 பவுண்டு என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. ஐந்து நாள் வேலை, 1,000 பவுண்டு. வரி போக 780 வரும் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தான். வங்கியில் விழுந்தது 572. சீட்டில் இருபது வரிகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு அவனுக்கு அர்த்தம் தெரியவில்லை. 'எம்ப்ளாயர்' என்று போட்ட வரிகூட தன் பணத்திலிருந்து போயிருப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

பிரிட்டனில் இந்தக் கோபம் புதிதில்லை. ஐ.டி. ஒப்பந்தக்காரர்கள், ஏஜென்சி நர்ஸ்கள், பள்ளிகளுக்கு மாற்று ஆசிரியராகப் போகிறவர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் என்று பலர், ஏஜென்சிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று சம்பளம் போட்டுத் தரும் இந்த அம்ப்ரெல்லா ('குடை') நிறுவனங்கள் வழியாகத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். நம்மவர்களும் இதில் நிறைய இருக்கிறார்கள். கூட்டங்களில் பேச்சு வந்தால் இரண்டே கருத்துதான் கேட்கும். "எல்லாம் கொள்ளை" என்பது ஒன்று. "எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி 85 சதவீதம் கையில் தருகிறது, அங்கே மாறிவிடு" என்பது மற்றொன்று. முதலாவது பாதிதான் சரி. இரண்டாவது ஆபத்தானது.

மேஸ்திரி, கொத்தனார், கணக்குப்பிள்ளை

ஊரில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி ஆள் கூட்டிவருகிறார். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பணம் தருகிறார், மேஸ்திரி தன் பங்கை எடுத்துக்கொண்டு கொத்தனாருக்குக் கூலி தருகிறார். இதுவரை குழப்பம் இல்லை.

இப்போது மேஸ்திரி இப்படிச் சொல்கிறார்: "ஆள் பிடித்துத் தருவது மட்டும்தான் என் தொழில். கூலிக் கணக்கு, வரி, பி.எஃப்., லீவு இந்தத் தலைவலியெல்லாம் எனக்கு வேண்டாம். தெருமுனையில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். எல்லாரும் அவரிடம் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை மொத்தமாக அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் உங்களுக்குச் சம்பளமாகத் தருவார்."

அந்தக் கணக்குப்பிள்ளைதான் அம்ப்ரெல்லா நிறுவனம். வீட்டுக்காரர், வேலை வாங்கும் நிறுவனம். மேஸ்திரி, ஏஜென்சி. கணக்குப்பிள்ளை உங்களுக்கு வேலை தேடித் தருவதில்லை, வேலையை மேற்பார்வை பார்ப்பதும் இல்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்தான் உங்கள் முதலாளி. நீங்கள் அவருடைய ஊழியர்.

இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலானோர் பிடிக்காமல் விடுகிறார்கள். "நான் கான்ட்ராக்டர், எனக்கு லீவு கிடையாது, உடம்புக்கு முடியாவிட்டால் காசு கிடையாது" என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்து வேலை செய்தவர்களுக்கு அது உண்மை. அம்ப்ரெல்லாவில் இருப்பவருக்கு அது உண்மை இல்லை.

இந்தக் குடை எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் ஒப்பந்தக்காரர் என்றால் ஒரு லிமிடெட் கம்பெனி தொடங்கி, அதன் வழியாகப் பணம் வாங்கிக்கொள்வார். அதில் வரி குறைவு. 'ஊழியர் போலவே வேலை செய்துகொண்டு கம்பெனி வேடம் போடுகிறார்கள்' என்று அரசு 2000இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஐஆர் 35 என்று எல்லாரும் பேசுவது இதைத்தான்: கம்பெனி என்ற மூடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் ஊழியரா இல்லையா என்று கேட்கும் விதி.

நெடுநாள் அந்தக் கேள்விக்கு ஒப்பந்தக்காரரே தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். என்ன பதில் சொல்லியிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் அரசுத் துறைகளிலும், 2021 ஏப்ரலில் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் பதில் சொல்லும் பொறுப்பு வேலை வாங்குபவரிடம் போனது. தவறாகச் சொன்னால் வரி தன் தலையில் விழும் என்றதும் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் "கம்பெனியோடு வராதீர்கள், அம்ப்ரெல்லா வழியாக வாருங்கள்" என்று கதவை மூடிக்கொண்டன.

அதற்கு முன் அம்ப்ரெல்லாவுக்கு வேறொரு கவர்ச்சி இருந்தது. பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவுக்கு வரிச் சலுகை கிடைத்தது. 2016 ஏப்ரலில் பெரும்பாலானவர்களுக்கு அது போய்விட்டது. இன்றைக்கும் "ரயில் டிக்கெட்டை எல்லாம் கழித்துத் தருகிறோம்" என்று ஒரு அம்ப்ரெல்லா ஆசை காட்டினால் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

இதுவரை பார்த்தது: வேலை ஓரிடத்தில், ஆள் பிடிப்பவர் வேறு, சட்டப்படியான முதலாளி வேறு. மூன்றாமவர்தான் அம்ப்ரெல்லா. பெரும்பாலோர் விரும்பி அங்கே போகவில்லை, வேறு கதவு இல்லாமல் போனார்கள்.

அது சம்பளம் அல்ல, சி.டி.சி.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வேலைக்கான கடிதத்தில் சி.டி.சி. ஆண்டுக்கு 12 லட்சம் என்று போட்டிருக்கும். முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்தால் ஒரு லட்சம் இருக்காது. நிறுவனத்தின் பங்கான பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்த 12 லட்சத்துக்குள் அடங்கியிருக்கும். உங்களை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு அது, உங்கள் சம்பளம் அல்ல.

ஏஜென்சி சொல்லும் நாளுக்கு 200 பவுண்டும் அதே ரகம். அதற்குப் பெயர் அசைன்மென்ட் ரேட்: உங்கள் வேலைக்காக ஏஜென்சி அம்ப்ரெல்லாவுக்குத் தரும் தொகை. அது அம்ப்ரெல்லாவின் வருமானம். அதிலிருந்து முதலாளி என்ற முறையில் அது கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் மொத்தச் சம்பளம். உங்கள் வரி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

விளம்பரத்தில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 200 என்ற எண் கவர்ச்சியாக இருக்கிறதே!

இனி மைத்துனனின் சீட்டை மேலிருந்து கீழே படிக்கலாம். பைசாக்களை விட்டுவிட்டு முழுப் பவுண்டில் போடுகிறேன்.

ஏஜென்சி அனுப்பியது 1,000.

முதல் கழிவு மார்ஜின், 20 பவுண்டு. கணக்குப்பிள்ளைக்கான கூலி இது. நேர்மையான அம்ப்ரெல்லா உங்கள் பணத்தில் தனக்கென்று வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். மீதி 980.

அடுத்தது முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ். நேஷனல் இன்ஷூரன்ஸ் என்பது ஓய்வூதியம், உதவித்தொகை போன்றவற்றுக்காக அரசு பிடிக்கும் பங்குத்தொகை. ஊழியர் ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு. 2025 ஏப்ரலிலிருந்து முதலாளியின் பங்கு 15 சதவீதம். வாரச் சம்பளத்தில் 96 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை முழுவதற்கும் அது உண்டு. அதற்கு முன் 13.8 சதவீதமாக இருந்தது, தொடக்க வரம்பும் இன்னும் உயரத்தில் இருந்தது. மைத்துனனின் கணக்கில் இது 115 பவுண்டு.

பிறகு அப்ரன்டிஸ்ஷிப் லெவி, அரை சதவீதம், 4 பவுண்டு. சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் தொழில் பயிற்சிக்காகக் கட்டும் வரி இது. ஓரளவு பெரிய அம்ப்ரெல்லா எல்லாமே இதில் மாட்டும்.

980இல் 115ம் 4ம் போக 861. இதுதான் மொத்தச் சம்பளம். இதற்குக் கீழேதான் எல்லா ஊழியர்களுக்கும் இருப்பது போன்ற கழிவுகள் வருகின்றன: வருமான வரி 124, ஊழியரின் பங்கான நேஷனல் இன்ஷூரன்ஸ் 50. கையில் 687.

ஆக 1,000 என்பது 687 ஆகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விட்டது. ஆனால் யாரிடம் போனது என்று பாருங்கள். 313 பவுண்டில் 293 வரித்துறைக்கு, 20 அம்ப்ரெல்லாவுக்கு. எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பயனில்லை.

முதலாளியின் வரியை என் தலையில் கட்டலாமா?

கட்டக் கூடாது. ஊழியரின் சம்பளத்திலிருந்து முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸைக் கழிப்பது பிரிட்டிஷ் சட்டத்துக்கு எதிரானது. மைத்துனன் இதை எங்கோ படித்துவிட்டு வழக்குப் போடவே கிளம்பினான்.

ஆனால் அந்த 1,000 அவனுடைய சம்பளமே அல்ல. ஒப்பந்தத்தில் அவன் சம்பளம் என்று எழுதியிருப்பது குறைந்தபட்சக் கூலியும் அதற்கு மேல் ஒரு போனஸும்தான். சம்பளம் 861 என்று கணக்கான பிறகு அதிலிருந்து முதலாளியின் பங்கு ஒரு காசுகூடக் கழிக்கப்படவில்லை. எழுத்தளவில் சட்டம் காக்கப்படுகிறது. வயிற்றில் அடித்தது போல இருப்பது என்னவோ மாறவில்லை. அந்த 115ஐ மேஸ்திரி ரேட்டைச் சொல்லும்போதே தனியாகச் சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஏமாந்தது போல உணரமாட்டார்கள். என்னைக் கேட்டால் குற்றம் சீட்டில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது.

இதிலிருந்து கைக்கு உதவும் ஒரு கணக்கு கிடைக்கிறது. சில ஏஜென்சிகள் தாங்களே நேரடியாகச் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். பே (PAYE) முறை என்று இதைச் சொல்வார்கள்: முதலாளியே ஒவ்வொரு சம்பளத்திலும் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத் தருவது, நம் ஊர் டி.டி.எஸ். போல. அம்ப்ரெல்லாவுக்குள்ளும் நடப்பது அதே முறைதான். ஆனால் ஏஜென்சி 'பே ரேட்' என்று சொன்னால் அது உண்மையான சம்பளம், முதலாளியின் பங்கை ஏஜென்சி தனியாகக் கட்டிவிடும்.

நாளுக்கு 200 அம்ப்ரெல்லா ரேட் என்பது விடுமுறைச் சம்பளத்தையும் பிரித்துப் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 154 பே ரேட்டுக்குச் சமம். ஒரு ஏஜென்சி நாளுக்கு 165, விடுமுறைச் சம்பளம் தனி என்கிறது, இன்னொன்று 200 அம்ப்ரெல்லா என்கிறது என்றால், 165தான் அதிகம். முதல் தடவை கேட்பவர்கள் யாரும் நம்புவதில்லை.

சுருக்கமாக: அசைன்மென்ட் ரேட்டையும் பே ரேட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எந்த ரேட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, 687 எப்படி 572 ஆனது?

சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன.

சிறியது வரிக் குறியீடு. பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. அதைக் குறிக்கும் குறியீடு 1257எல். மைத்துனன் சேரும்போது நிரப்பிய படிவத்தில் 'எனக்கு வேறொரு வேலையும் இருக்கிறது' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தான். பழைய வேலையின் கடைசி நாள் அப்போது முடியவில்லையாம். உடனே பி.ஆர். என்ற குறியீடு வந்துவிட்டது. வரியில்லா வரம்பே இல்லாமல் முதல் பவுண்டிலிருந்து 20 சதவீதம். அதில் வாரம் 48 பவுண்டு அதிகம் போனது. பழைய வேலையிலிருந்து கிடைக்கும் பி-45 என்ற விலகல் படிவத்தைக் கொடுத்து, குறியீட்டைச் சரிசெய்தால் இந்தப் பணம் பின்வரும் சம்பளத்தில் திரும்பி வந்துவிடும்.

பெரியது விடுமுறைச் சம்பளம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உங்கள் லீவு, உங்கள் பணத்தில்

பிரிட்டனில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள், அரசு விடுமுறைகளும் அதில் அடக்கம். 52 வாரத்தில் 5.6ஐக் கழித்தால் 46.4. 5.6ஐ 46.4ஆல் வகுத்தால் 12.07 சதவீதம். உழைத்த ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 12.07 பவுண்டு விடுமுறைச் சம்பளம் சேர்கிறது என்று பொருள். அம்ப்ரெல்லா சீட்டுகளில் இந்த 12.07 என்ற எண் மறுபடி மறுபடி வரும். அது எங்கிருந்து குதித்தது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

இந்தப் பணத்தையும் வாடிக்கையாளர், அதாவது வேலை வாங்கும் நிறுவனம், தனியாகத் தருவதில்லை. அதே 861க்குள்தான் இருக்கிறது: 768 வேலைக்கு, 93 விடுப்புக்கு. கேள்வி என்னவென்றால், அந்த 93ஐ எப்போது தருகிறார்கள்?

ஒரு வழி, வாராவாரம் சம்பளத்தோடு சேர்த்துத் தந்துவிடுவது. சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். நேரம் ஒழுங்கில்லாத வேலைகளில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில் சட்டமே இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. அப்படி வாங்கினால் லீவு எடுக்கும் வாரத்தில் சம்பளம் வராது. முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டீர்கள்.

இன்னொரு வழி, அம்ப்ரெல்லாவே பிடித்து வைத்து, நீங்கள் லீவு எடுக்கும்போது தருவது. மைத்துனனின் சீட்டில் நடந்தது இதுதான். அவனுக்கு அந்த வாரம் 768க்குத்தான் சம்பளம் போட்டிருந்தார்கள். 93 ஒரு மூலையில் 'சேர்ந்த விடுப்பு' என்று ஒதுங்கி நின்றது. அதன் வரி போன மதிப்பு 67 பவுண்டு. 48ம் 67ம் 115. 687க்கும் 572க்கும் உள்ள வித்தியாசம் சரியாக அதுதான்.

வாரம் 93 என்பது 46 வாரத்தில் 4,278 பவுண்டு. சின்னப் பணம் இல்லை. நான் முதன்முதலில் இருந்த அம்ப்ரெல்லாவில் எனக்கு இது தெரியாது. பதினோரு மாதம் வேலை செய்துவிட்டு ஒரு நாள்கூட லீவு கேட்காமல் வேறிடம் போனேன். கான்ட்ராக்டருக்கு ஏது லீவு என்ற வீராப்பு. மூன்றாண்டு கழித்து ஒரு நண்பர் சொன்ன பிறகு பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தால், பிடித்து வைத்த தொகை வாராவாரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கேட்டேன். 'விடுப்பு ஆண்டு முடிந்துவிட்டது, கோராததால் காலாவதி' என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. பெயரைச் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அது அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய பதிலும் அல்ல என்று இப்போது தெரியும். வேலையை விட்டு விலகும்போது அந்த ஆண்டில் எடுக்காத விடுப்புக்கான பணத்தைத் தந்தே ஆக வேண்டும். லீவு எடுக்கும்படி ஊழியரை ஊக்குவிக்காமல், எடுக்காவிட்டால் போய்விடும் என்று எச்சரிக்காமல் இருந்துவிட்டு, ஆண்டு முடிந்ததும் 'காலாவதி' என்று முதலாளி கைகழுவ முடியாது. ஆனால் கோருவதற்குக் காலக்கெடு உண்டு. எனக்கு அது எப்போதோ கடந்துவிட்டது.

போனஸ் என்று ஒரு வரி

சீட்டில் மைத்துனனை மிரட்டிய இன்னொரு வரி: அடிப்படைச் சம்பளம் 477, போனஸ் 291. "நான் போனஸ் எதுவும் கேட்கவில்லையே!"

2026 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரத்துக்கு 477. அம்ப்ரெல்லா ஒப்பந்தம் உறுதியாகத் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்சக் கூலியை மட்டும்தான். அதற்கு மேல் வருவதெல்லாம் போனஸ் அல்லது கமிஷன் என்ற பெயரில் வரும். ஒரு வாடிக்கையாளரிடம் ரேட் உயரும், இன்னொருவரிடம் குறையும், ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதில் தவறு இல்லை, ஒரு நிபந்தனையோடு: அந்தப் போனஸுக்கும் முழு வரி பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் என்ன என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

காசு கொடுத்து வாங்கிய உரிமைகள்

குடைக்கு வாடகையும் நாமே தருகிறோம், முதலாளியின் வரியும் நம் ரேட்டிலிருந்தே போகிறது. அப்படியிருக்க அதற்கு ஈடாகக் கிடைக்கும் உரிமைகளையாவது விடக் கூடாது.

உடம்பு சரியில்லை என்றால் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் உண்டு. 2026 ஏப்ரலிலிருந்து காத்திருப்பு நாட்கள் நீக்கப்பட்டு, முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் கேட்டால்தான் தருவார்கள், நான் பார்த்த பலர் கேட்பதே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு 39 வாரம் மகப்பேறு ஊதியம், முதல் ஆறு வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். ஏஜென்சி நர்ஸாக இருக்கும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. பிரசவத் தேதிக்கு 15 வாரம் முன்பு கணக்கிட்டால், அதே முதலாளியிடம் குறைந்தது 26 வாரம் தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்க வேண்டும். மருத்துவமனை மாறலாம், ஏஜென்சிகூட மாறலாம், அம்ப்ரெல்லா அதுவாகவே இருந்து ஒப்பந்தம் தொடர்ந்தால் தொடர்ச்சி அறுபடாது. மார்ஜினில் வாரம் ஐந்து பவுண்டு மிச்சம் என்று அம்ப்ரெல்லாவை மாற்றினால் எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இதைத் தெரியாமல் மாற்றிக்கொண்டு அவதிப்பட்டவர்கள் உண்டு.

பென்ஷனில், 22 வயது நிரம்பி ஆண்டுக்கு 10,000 பவுண்டைத் தாண்டிச் சம்பாதிப்பவரை முதலாளி தானாகவே சேர்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் தள்ளிவைக்கலாம், மைத்துனனின் சீட்டில் அது இல்லாததற்குக் காரணம் அதுதான். முதலாளியின் பங்கு குறைந்தது 3 சதவீதம், அதுவும் அதே 980க்குள்ளிருந்துதான். ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதை நேராகப் பென்ஷனில் போடச் சொல்லும் ஏற்பாட்டை அம்ப்ரெல்லா அனுமதித்தால், முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸும் குறைகிறது, அந்த மிச்சமும் உங்களுடையதாகலாம். மொத்த ஏற்பாட்டிலும் உங்கள் பக்கம் சாயும் கணக்கு இது ஒன்றுதான். அந்த மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடத்தோடும் ஒரு உரிமை இருக்கிறது. 2011 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த ஏஜென்சிப் பணியாளர் விதிகளின்படி, ஒரே இடத்தில் ஒரே வேலையை 12 வாரம் செய்தபின், அங்கே நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளமும் விடுப்பும் உங்களுக்கும் வேண்டும். உணவகம், வாகன நிறுத்துமிடம் போன்ற வசதிகள் முதல் நாளிலிருந்தே. ஐ.டி.யில் ரேட் ஏற்கனவே உயர்வாக இருப்பதால் பெரும்பாலும் இதற்கு வேலை இருக்காது. பள்ளியிலும் கிடங்கிலும் இருப்பவர்களுக்கு இது உண்மையான பணம்.

கிடைக்காததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சம்பளம் பெரும்பாலும் வராது. நீங்கள் ஊழியராகவே இருப்பீர்கள், மணி நேரம் மட்டும் பூஜ்ஜியமாக இருக்கும்.

ஆக, கான்ட்ராக்டர் என்பது நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் பெயர். சீட்டில் முதலாளி என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயரிடம் கேட்க உரிமை இருக்கிறது.

85 சதவீதம் தருகிறவர்கள்

மேலே போட்ட கணக்கில் அம்ப்ரெல்லாவின் கையில் இருப்பது மார்ஜின் மட்டும்தான். மற்ற எல்லா எண்ணையும் அரசு நிர்ணயிக்கிறது. எனவே நேர்மையான பத்து அம்ப்ரெல்லாக்களிடம் அதே 1,000ஐக் கொடுத்தால் பத்தும் ஏறக்குறைய 687ஐச் சுற்றித்தான் நிற்கும். ஐந்து பத்து பவுண்டு முன்பின் இருக்கலாம். ஒருவர் மட்டும் 850 தருகிறேன் என்றால், அந்தக் கூடுதல் 163 பவுண்டு அவர் பையிலிருந்து வரவில்லை. கட்டாத வரி அது.

வழக்கமான தந்திரம் இது. குறைந்தபட்சக் கூலியைச் சம்பளமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி பிடிப்பார்கள். மீதியைக் 'கடன்', 'முன்பணம்' என்று ஏதோ ஒரு பெயரில் தனியாக அனுப்புவார்கள். கடனுக்கு வருமான வரி இல்லையே! திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். வங்கிக் கணக்கில் ஒரே வாரத்தில் இரண்டு வரவு விழும், சீட்டில் ஒன்றுதான் இருக்கும். பிரிட்டிஷ் வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி. இதை மறைத்த சம்பளமாகத்தான் பார்க்கிறது. இப்படிப் பழைய ஆண்டுகளில் வாங்கிய 'கடன்'களுக்கு 2019 ஏப்ரலில் லோன் சார்ஜ் என்ற பெயரில் மொத்தமாக வரி கேட்கப்பட்டது. திட்டத்தை விற்றவர்கள் பலர் அதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். கடிதம் வந்தது தொழிலாளர்களின் வீட்டுக்கு. ஹெச்.எம்.ஆர்.சி. இப்படிப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலைத் தன் தளத்தில் வெளியிடுகிறது, சேரும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆனால் பட்டியலில் இல்லை என்பது நற்சான்று ஆகிவிடாது.

2026 ஏப்ரல் 6 முதல் ஒரு முக்கிய மாற்றம் வந்திருக்கிறது. அம்ப்ரெல்லா பிடித்த வரியைக் கட்டாமல் போனால் ஹெச்.எம்.ஆர்.சி. அதை ஏஜென்சியிடமிருந்தே வசூலிக்கலாம், இடையில் ஏஜென்சி இல்லாவிட்டால் வேலை வாங்கிய நிறுவனத்திடமிருந்து. இதுவரை "எந்த அம்ப்ரெல்லாவாக இருந்தால் எங்களுக்கென்ன" என்று இருந்த மேஸ்திரிகள் இப்போது கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். தன் சட்டைப் பைக்கு ஓட்டை விழும் என்றால்தான் எவருக்கும் தையல் நினைவுக்கு வருகிறது.

கையெழுத்துக்கு முன்

2020 ஏப்ரல் 6 முதல், வேலைக்கான நிபந்தனைகளை ஒப்புக்கொள்ளும் முன் ஏஜென்சி உங்களுக்கு முக்கியத் தகவல் ஆவணம் ஒன்றைத் தர வேண்டும். இரண்டு பக்கம் இருக்கும். யார் முதலாளி, அம்ப்ரெல்லாவுக்குப் போகும் தொகை எவ்வளவு, அதில் எதெது கழியும், மாதிரிக் கணக்கில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மைத்துனனுக்கும் வந்திருந்தது. மற்ற ஏழு இணைப்புகளோடு சேர்த்து, திறக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டான்.

அந்த இணைப்புகளில் இன்னொன்றும் இருக்கும்: 2003ஆம் ஆண்டு ஏஜென்சி நடத்தை விதிகளின் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதித்தரும் விலகல் கடிதம். அந்த விதிகளின்படி, வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதைக் காரணம் காட்டி ஏஜென்சி பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்று நிபந்தனை விதிக்கவும் ஏஜென்சிக்கு உரிமை இல்லை.

அம்ப்ரெல்லாவிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மார்ஜின் எவ்வளவு, வேலை இல்லாத வாரத்திலும் அது பிடிக்கப்படுமா? விடுமுறைச் சம்பளம் வாராவாரமா, சேர்த்து வைத்தா, விடுப்பு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது? பென்ஷனில் மிச்சமாகும் நேஷனல் இன்ஷூரன்ஸ் யாருக்கு? பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் எழுத்தில் தயங்கினால் அதுவே பதில். ஏஜென்சி ஒரு குறிப்பிட்ட அம்ப்ரெல்லாவுக்கே போகச் சொல்லித் தள்ளினால், அங்கிருந்து ஏஜென்சிக்குக் கமிஷன் வருகிறதா என்றும் கேட்கலாம். பிணக்கு வந்தால் ஏகாஸ் என்ற பொது அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது, தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மைத்துனன் சனிக்கிழமை காலை பி-45ஐ ஸ்கேன் செய்து அனுப்பினான். அம்ப்ரெல்லாவின் விடுப்பு ஆண்டு எப்போது முடிகிறது என்று கேட்டான். மார்ச் 31 என்று பதில் வந்தது. ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊருக்குப் போக வேண்டும் என்று தேதிகளைப் போட்டு இன்னொரு மின்னஞ்சல், ஏஜென்சிக்கு நகலோடு. அடுத்த வெள்ளிக்கிழமை படம் வரவில்லை, போன்தான் வந்தது. குறியீடு 1257எல் ஆகிவிட்டதாம், போன வார 48ம் திரும்பிவிட்டதாம்.

"அத்தான், அந்த 93 இப்போது 186 ஆகியிருக்கிறது. டிக்கெட் போட்டுவிடலாமா?"